கௌச் டு ஃபைவ் கே: டர்பன் கடற்கரைக்கு ஒத்துவருமா?

புற்றுநோய் நிதிக்கு, முதியோர் இல்லத்துக்கு என்று ஐந்து கிலோமீட்டர் ஓட்டம் அறிவித்ததும், தென்னாப்பிரிக்காவின் டர்பனில் நம்மவர்கள் நிறைந்த சாட்ஸ்வொர்த்திலும் ஃபீனிக்ஸிலும் குடும்பத்தோடு பெயர் கொடுக்கிறார்கள். அதில் பலர் பள்ளிக்கூடம் விட்ட பிறகு பஸ்ஸைப் பிடிக்கக்கூட ஓடியிருக்க மாட்டார்கள். அவர்கள் கைக்கு முதலில் வருவது 'கௌச் டு ஃபைவ் கே', அதாவது 'சோஃபாவிலிருந்து ஐந்து கிலோமீட்டருக்கு' என்ற ஒன்பது வாரத் திட்டம்தான். 1996-இல் ஜோஷ் கிளார்க் என்ற அமெரிக்கர், ஐம்பதைத் தாண்டிய தன் அம்மாவை மனதில் வைத்து வகுத்தது. ஒரு ராண்ட்கூடச் செலவில்லை. அட்டவணையைத் தாளில் எழுதிக்கொண்டு கைக்கடிகாரம் வைத்தே முடித்துவிடலாம்.

திட்டம் நல்ல திட்டம். ஆனால் ஒன்பது வாரம் என்ற கணக்கு நம்மில் பெரும்பாலோருக்குப் போதாது. பன்னிரண்டு வாரம் வையுங்கள்.

தொடக்கம் அருமையாக இருக்கிறது. வாரம் மூன்று நாள், நடுவில் ஒரு நாளாவது ஓய்வு. ஐந்து நிமிடம் வேகநடை. பிறகு ஒரு நிமிடம் ஓட்டம், ஒன்றரை நிமிடம் நடை என்று மாற்றி மாற்றி இருபது நிமிடம். முதல் வாரம் அவ்வளவுதான். இதுகூட முடியவில்லை என்று சொல்பவர்கள் அநேகமாக எல்லோரும் வேகமாக ஓடுகிறவர்கள். பக்கத்தில் வருபவரிடம் ஒரு முழு வாக்கியம் மூச்சுத் திணறாமல் பேச முடிய வேண்டும். 'ம்', 'ஆமா' மட்டும்தான் வருகிறது என்றால் வேகத்தைக் குறையுங்கள். வேகநடைக்காரர் உங்களை முந்திப் போனாலும் போகட்டும்.

சிக்கல் ஐந்தாவது வாரத்தில். முதல் நாள் ஐந்து நிமிட ஓட்டம் மூன்று முறை. இரண்டாம் நாள் எட்டு நிமிடம் இரண்டு முறை. மூன்றாம் நாள் திடீரென்று இருபது நிமிடம், நடையே கிடையாது. பலர் திட்டத்தைக் கைவிடும் இடம் இதுதான். நெஞ்சும் நுரையீரலும் சில வாரங்களில் பழகிவிடும். தசைநாரும் எலும்பும் பழக மாதக்கணக்காகும். மூச்சு தாங்குகிறதே என்று காலை இழுத்துக்கொண்டு ஓடினால் முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பு வலிக்க ஆரம்பிக்கும். அதனால் அந்த இருபது நிமிடத்துக்கு முன்னால் ஒரு வாரம் நுழையுங்கள்: பத்து நிமிடம் ஓட்டம், ஒரு நிமிடம் நடை, மறுபடி பத்து நிமிடம் ஓட்டம். மூன்று நாளும் இதுவே. முன்னெலும்பு நெடுக மந்தமாக வலித்தால் வலி போகும்வரை ஓய்வு எடுங்கள். விரல் வைத்துக் காட்டும்படி ஒரே புள்ளியில் குத்தினால் ஓட்டத்தை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

இன்னொரு குறை பெயரிலேயே இருக்கிறது. ஒன்பதாம் வாரக் கடைசியில் கிடைப்பது முப்பது நிமிட ஓட்டம், ஐந்து கிலோமீட்டர் அல்ல. கிலோமீட்டருக்கு எட்டு நிமிடம் எடுப்பவர் அதற்குள் 3.75 கிலோமீட்டர்தான் போயிருப்பார். மிச்சம் வைத்த மூன்று வாரத்தில் ஒன்று ஐந்தாம் வாரத்துக்குப் போயிற்று. மற்ற இரண்டும் இந்தத் தூரத்துக்கு. எட்டு நிமிடம் ஓட்டம், ஒரு நிமிடம் நடை என்று போனால் ஐந்து கிலோமீட்டர் வந்துவிடும். ஒத்திகைக்கு டர்பன் நார்த் பீச்சில் சனிக்கிழமை நடக்கும் ஐந்து கிலோமீட்டர் பொது ஓட்டமான பார்க்ரன் இருக்கிறது. காம்ரேட்ஸ் என்ற நெடுந்தூர ஓட்டத்தை ஒன்பது முறை வென்ற புரூஸ் ஃபோர்டைஸ் 2011-இல் இந்த நாட்டுக்குக் கொண்டுவந்தது, இலவசம். கடைசி ஆளாக நடப்பதற்கென்றே ஒரு தன்னார்வலர் வருவதால் நீங்கள் கடைசியாக வர வழியே இல்லை. ஆயாமார் பேசிக்கொண்டே நடந்து முடிக்கலாம்.

பயிற்சிக்குக் கடற்கரை நடைபாதைதான் சிறந்தது, சமதரை. சாட்ஸ்வொர்த் மேடுகளில் ஏறும்போது மூச்சு வாங்கும். இறங்கும்போது முழங்கால் வாங்கிக்கொள்ளும். முதல் ஆறு வாரம் அந்தப் பக்கம் வேண்டாம். கடற்கரையில் காற்றை எதிர்த்துப் புறப்பட்டு, காற்றோடு திரும்புங்கள். இங்கே கோடையான ஜனவரி, பிப்ரவரியில் புழுக்கத்தால் வேர்வை காயாது, உடல் சூடு இறங்காது. விடிந்ததும் ஓடிவிடுங்கள், வேகத்தையும் குறையுங்கள்.

திட்டம் வாயே திறக்காத விஷயம் சர்க்கரை. நம் வீடுகளில் மாத்திரைப் பெட்டி இல்லாத சமையலறை அரிது. இன்சுலினோ, சர்க்கரையை இறக்கும் சில மாத்திரைகளோ எடுப்பவர்கள் வெறும் வயிற்றில் ஓடினால் கை நடுங்கலாம், கண் இருட்டலாம். தொடங்கும் முன் மருத்துவரிடம் கேளுங்கள், சட்டைப்பையில் நாலு இனிப்பு மிட்டாய் வைத்திருங்கள். புரட்டாசி விரதத்தில் ஒருவேளைச் சாப்பாட்டோடு இருப்பவர்கள் அந்த மாதம் நடையோடு நிறுத்திக்கொள்ளலாம்.

டக்கீஸ் (ஓட்டக் காலணி) வாங்க மாலையில் போங்கள். பகலெல்லாம் நடந்த கால் கொஞ்சம் வீங்கியிருக்கும், ஓடும்போதும் அப்படித்தான். பெருவிரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் வேண்டும். ஓட்டத்தன்று புது ஜோடி போடாதீர்கள். நிதி அமைப்பு தரும் பருத்திச் சட்டை வேர்வையில் ஊறி அக்குளை அறுக்கும். முன்னதாகவே வாஸ்லின் தடவிவிடுங்கள். முந்தின இரவு பன்னி சாவ் (குடைந்த ரொட்டிக்குள் கறி) வேண்டாம். எண்ணெயும் காரமும் இரண்டாவது கிலோமீட்டரில் வயிற்றைக் கலக்கும். காலையில் ஓட்டத்துக்கு ஒன்றரை மணி நேரம் முன்னால் இரண்டு துண்டு ரொட்டியும் ஜாமும் போதும்.

வரிசையில் பின்னால் நில்லுங்கள். முன்னால் நின்றால் கூட்டம் இழுத்துக்கொண்டு போகும், முதல் ஐந்நூறு மீட்டரிலேயே மூச்சு தீர்ந்துவிடும். தண்ணீர் பெரும்பாலும் சிறு பிளாஸ்டிக் பையில் தருவார்கள். ஒரு மூலையைப் பல்லால் கிழித்து, நடந்துகொண்டே, கொஞ்சம் கொஞ்சமாக வாயில் பிழியுங்கள். ஓடிக்கொண்டே பிழிந்தால் மூக்கில் ஏறும். முடிவுக் கோட்டைத் தாண்டியதும் உட்கார வேண்டாம். இரத்தம் காலில் தங்கித் தலை சுற்றும். ஐந்து நிமிடம் நடந்துவிட்டு, பிறகு புல்லில் சாயுங்கள்.