பிரிபொசிஷன் பிழைகளுக்கு நான் நம்பும் அகராதி

ஆங்கிலத்தில் பிரிபொசிஷனை, அதாவது இன், ஆன், அட் போன்ற சின்னச் சொற்களை, சரியாகப் போட எந்தப் புத்தகம் படிக்கலாம் என்று கேட்பவர்களுக்கு நான் ஓர் அகராதியைத்தான் காட்டுவேன்: ஆக்ஸ்ஃபோர்டு அட்வான்ஸ்டு லேர்னர்ஸ் டிக்‌ஷனரி. மற்றவர்கள் எழுதும் அறிக்கைகளையும் கடிதங்களையும் திருத்துவது என் வேலை. அந்த அகராதியின் இணையப் பதிப்பு என் திரையில் எப்போதும் திறந்திருக்கும். அதை இலவசமாகவே பார்க்கலாம்.

இன், ஆன், அட் மூன்றுக்கும் விதி சொல்லும் புத்தகங்கள் ஏராளம். கடிகார நேரத்துக்கு அட், கிழமைக்கு ஆன், மாதத்துக்கும் வருடத்துக்கும் இன். நல்ல விதிதான், பெரும்பாலும் பலிக்கும். ஆனால் என்னிடம் வரும் பிழைகளில் பாதிக்கு மேல் வேறு ரகம். 'டிஸ்கஸ் அபௌட்', 'ரீச்டு டு', 'மேரிட் வித்', 'குட் இன் மேத்ஸ்' என்று வரும். இவற்றை எந்தப் பொது விதியும் பிடிக்காது. எந்தச் சொல்லோடு எது சேரும் என்பதைச் சொல் சொல்லாகத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். தமிழில் 'வீட்டில்', 'மேசையில்', 'வாசலில்' எல்லாவற்றுக்கும் 'இல்' ஒன்றே போதும். ஆங்கிலத்தில் அதே மூன்றுக்கும் இன், ஆன், அட் என்று தனித்தனியாக வேண்டும். 'அதைப் பற்றி விவாதித்தோம்' என்று தமிழில் நினைத்துவிட்டு எழுதும்போது அபௌட் தானாக வந்து உட்கார்ந்துவிடுகிறது.

இந்த இடத்தில்தான் அந்த அகராதி உதவுகிறது. டிஸ்கஸ் என்ற வினைச்சொல்லைத் தேடிப் பாருங்கள். 'டிஸ்கஸ் சம்திங் வித் சம்படி' என்று அமைப்பையே எழுதிக் காட்டியிருப்பார்கள். அப்புறம் ஒரு தனிக் குறிப்பில், 'டிஸ்கஸ் அபௌட்' என்று சொல்லக்கூடாது என்று நேராகவே சொல்லியிருப்பார்கள். அதே சொல்லின் பெயர்ச்சொல் வடிவமான டிஸ்கஷனுக்குப் போனால் அபௌட் சரியாகிவிடுகிறது. ரிக்வெஸ்ட், டிமாண்ட் இரண்டும் இப்படித்தான்: வினையாக வந்தால் ஃபார் கிடையாது, பெயராக வந்தால் ஃபார் உண்டு. எம்ஃபசைஸ் என்ற வினைக்குப் பின்னால் எதுவும் வேண்டாம், எம்ஃபசிஸ் என்ற பெயருக்கு ஆன் வேண்டும். வினையையும் பெயரையும் அடுத்தடுத்துப் பார்க்கிற இந்த ஒரு பழக்கமே அறிக்கைகளில் வரும் பிழைகளை நிறையக் குறைத்துவிடும்.

'லுக் ஃபார்வர்ட் டு' இன்னொரு இடம். டு வந்துவிட்டதே என்று 'டு மீட் யூ' எழுதுபவர்கள் பலர். இங்கே டு பிரிபொசிஷன், அதனால் 'டு மீட்டிங் யூ' என்றுதான் வர வேண்டும். அகராதி அந்த அமைப்பை 'டு டூயிங்' என்றே போட்டிருப்பதால் சந்தேகத்துக்கு இடமில்லை. ஆங்க்ரி என்ற சொல்லில் ஆளின் மேல் கோபமா, விஷயத்தின் மேல் கோபமா என்பதைப் பொறுத்து வித், அபௌட் மாறுவதையும் பிரித்துக் காட்டுகிறார்கள். பிரிட்டனில் 'அட் தி வீக்எண்ட்', அமெரிக்காவில் 'ஆன் தி வீக்எண்ட்' என்ற வேறுபாட்டையும் குறித்திருக்கிறார்கள். யாருக்காக எழுதுகிறோமோ அவர்கள் வழக்கைத் தேர்ந்துகொள்ளலாம்.

இதில் இவ்வளவு அக்கறை இருப்பதற்குக் காரணம் அது பிறந்த விதம். ஏ.எஸ். ஹார்ன்பி ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்தவர். ஆங்கிலத்தை அயல்மொழியாகப் படிப்பவர்களுக்காக அவரும் நண்பர்களும் தொகுத்த அகராதி 1942-இல் அங்கே வெளியானது. ஆக்ஸ்ஃபோர்டு 1948-இல் அதை மறுபதிப்பாகக் கொண்டுவந்தது. பொருள் மட்டும் தெரிந்தால் வாக்கியம் எழுதிவிட முடியாது என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

குறைகளும் உண்டு. ஆன், பை மாதிரி பிரிபொசிஷனையே தேடிப் போனால் வரிசையாக வந்துகொண்டே இருக்கும் பொருள்களில் எது நமக்கு வேண்டியது என்று கண்டுபிடிப்பது கஷ்டம். புதிதாகப் படிப்பவர் மிரண்டுவிடுவார். அதனால் பிரிபொசிஷனைத் தேடாமல், அதற்கு முன்னால் நிற்கும் வினையையோ பெயரையோ பெயரடையையோ தேடுங்கள் என்பதுதான் என் அழுத்தமான ஆலோசனை.

பெரிய குறை வேறு. பிரிபொசிஷனும் அதைத் தொடரும் பெயரும் சேர்ந்த முழுத் தொடர் வாக்கியத்தில் எந்தச் சொல்லோடு சேர்ந்து நிற்கிறது என்பதை எந்த அகராதியும் சொல்லாது. 'ஐ சா தி மேன் வித் தி டெலஸ்கோப்' என்றால் தொலைநோக்கி யாரிடம் இருந்தது, பார்த்தவரிடமா, பார்க்கப்பட்டவரிடமா? ஒவ்வொரு சொல்லும் சரி, பிரிபொசிஷனும் சரி, பொருள் மட்டும் இரண்டு. தொடரை 'வித் தி டெலஸ்கோப், ஐ சா தி மேன்' என்று முன்னால் கொண்டுவந்தால் குழப்பம் தீரும். 'தி லிஸ்ட் ஆஃப் நேம்ஸ் ஆர் ரெடி' என்ற பிழையும் அப்படித்தான். 'ஆஃப் நேம்ஸ்' என்ற தொடரை எடுத்துவிட்டுப் படித்தால் எழுவாய் லிஸ்ட் என்பது தெரியும், ஆர் போய் இஸ் வந்துவிடும். இதையெல்லாம் பழக வாக்கியங்களைப் பிரித்துப் பார்க்கச் சொல்லும் ஒரு பயிற்சிப் புத்தகமும் வேண்டும்.

பள்ளி இலக்கணம் முடித்து, வேலைக்காக ஆங்கிலத்தில் எழுத ஆரம்பித்திருக்கும் யாருக்கும் இந்த அகராதியைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். ஆங்கிலத்தில் கொடுத்திருக்கும் விளக்கமே புரியாத நிலையில் இருப்பவர்கள் மட்டும் சில மாதம் பொறுத்து இதற்கு வரலாம்.