பைப் கண்ணாடி போல மின்ன: பஃபிங்கா, எலக்ட்ரோ பாலிஷா?

மாடிப்படிக் கைப்பிடிக்கு 304 ரக எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) பைப் வாங்கியவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. பஃபிங் என்றால் சுழலும் வீலால் தேய்த்து மெருகேற்றுவது; எலக்ட்ரோ பாலிஷ் என்றால் அமிலத்தில் முக்கி, மின்சாரம் பாய்ச்சி மேற்பரப்பை மெல்லியதாகக் கரைப்பது.

செலவு
பஃபிங்: கிரைண்டர், எமரி (தேய்ப்புத் தாள்), வீல் இருந்தால் போதும்; மீதியெல்லாம் கைக்கூலி.
எலக்ட்ரோ: அமிலத் தொட்டியும் டிசி மின்சாரமும் உள்ள பட்டறைக்குத்தான் அனுப்பணும். நாலைந்து பைப்புக்குக் கட்டுப்படியாகாது.

பளபளப்பு
பஃபிங்: முகம் பார்க்கலாம். ஆனால் அவசரம் கூடாது. 120, 240, 400, 600 என்று (எண் கூடக் கூட நைசு) எமரியைப் படிப்படியாக மாற்றணும். ஒவ்வொரு முறையும் தேய்க்கும் திசையை மாற்றினால், முந்தைய கோடு போயிற்றா என்று உடனே தெரியும். பிறகு சிசல் (முரட்டு நார்) வீல். கடைசியில் பச்சை காம்பவுண்ட் (மெருகுக் கட்டி) தடவிய மெத்தென்ற துணி வீல். 240-இல் விட்ட ஒரு கோடு, எல்லாம் முடிந்தபின் டியூப்லைட் வெளிச்சத்தில் முடி ஒட்டினாற்போல் தெரியும். திரும்ப எமரியிலிருந்துதான் தொடங்கணும்.
எலக்ட்ரோ: நுண்ணிய மேடுகளைக் கரைத்துப் பளிச்சென்று ஆக்கும், ஆழமான கீறலை எடுக்காது. அதை மட்டும் நம்பிக் கண்ணாடியை எதிர்பார்க்காதீர்கள்.

துரு
எலக்ட்ரோ தெளிவாக மேல். பஃபிங்கில், இரும்பு தேய்த்த வீலை எஸ்.எஸ்.ஸில் வைத்தால் பழுப்புப் புள்ளி நிச்சயம். தயவுசெய்து தனி வீல் வையுங்கள்.

உட்புறம்
பஃபிங் வீல் நீளக் குழாய்க்குள் போகாது. எலக்ட்ரோவில் உள்ளே கேத்தோடு (எதிர்மின் முனை) கம்பி செருகிச் செய்யலாம்.

வீட்டுக் கைப்பிடி, கேட் என்றால் பஃபிங். பால், மருந்து ஓடும் குழாய்க்கு எலக்ட்ரோ. கடற்கரை வீடு என்றால் துருவை இன்னும் நன்றாகத் தாங்கும் 316 ரக பைப் எடுத்து, பஃபிங் செய்து, அதன்மேல் எலக்ட்ரோவும் கொடுங்கள்.