‘சேஞ்ச்’ அட்டையோடு மூன்று வருடம்

போன வாரம் நண்பன் ஒருவன் கேட்டான்: "அந்த ஷாப்பிங் இங்கிலீஷ் அட்டைப் பெட்டி பாதி விலைக்கு வந்திருக்கு, வாங்கலாமாடா?" ஒரு வரியில் பதில் போட உட்கார்ந்தேன். மூன்று வருடக் கோபம் ஒரு வரியில் அடங்கவில்லை.

பெட்டியில் என்ன இருக்கிறது என்பது இதைத் தேடி வந்தவர்களுக்குத் தெரிந்திருக்கும். முந்நூறு அட்டை, முன்பக்கம் படம், பின்பக்கம் கடை சம்பந்தப்பட்ட ஆங்கிலச் சொல், ஐந்து அறை. சரியாகச் சொன்ன அட்டை அடுத்த அறைக்குப் போகும், தப்பாகச் சொன்னது முதல் அறைக்கே திரும்பிவிடும். 1970களில் செபாஸ்டியன் லைட்னர் என்ற ஜெர்மானியர் பரப்பிய முறை இது. முறையில் குறை சொல்ல மாட்டேன். மூடியின் மடிப்பு எட்டாம் மாதமே கிழிந்தது. பார்சல் டேப் ஒட்டினேன், இன்றுவரை நிற்கிறது. அட்டைகளின் முனை மழுங்கியிருக்கிறதே தவிர அச்சு அழியவில்லை.

என் தகராறு ‘சேஞ்ச்’ அட்டையோடு. படத்தில் ஒரு உள்ளங்கை, அதில் நாலு காசு. பின்னால் ‘சேஞ்ச்’. அதாவது சில்லறை. இதுகூடத் தெரியாதா என்று முதல் மாதத்திலேயே ஐந்தாம் அறைக்கு அனுப்பிவிட்டேன்.

அப்புறம் ஒரு பயணத்தில் சட்டை ஒன்று வாங்கினேன். அறைக்கு வந்து போட்டால் தோளில் இறுக்குகிறது. மறுநாள் எடுத்துக்கொண்டு அதே கடைக்குப் போய், அங்கிருந்த பெண்ணிடம் "ஐ வான்ட் டு சேஞ்ச் திஸ் ஷர்ட்" என்றேன். அவர் சிரித்த முகத்தோடு ஃபிட்டிங் ரூம் பக்கம் கையைக் காட்டினார். நானும் மறுத்துச் சொல்லத் தெரியாமல் உள்ளே போய்விட்டேன். கண்ணாடிக்கு முன்னால், கையில் சட்டையோடு கொஞ்ச நேரம் நின்றேன். வெளியே வந்து அதே வாக்கியத்தை இன்னும் சத்தமாகச் சொன்னேன். அவர் அதே அறையை இன்னும் பொறுமையாகக் காட்டினார்.

அவர் மேல் தப்பில்லை. சில்லறையும் சேஞ்ச்தான், உடுப்பு மாற்றுவதும் சேஞ்ச்தான், ஒன்றைக் கொடுத்துவிட்டு இன்னொன்றை வாங்குவதும் சேஞ்ச்தான். "சேஞ்ச் திஸ் ஃபார் எ பிக்கர் சைஸ்" என்று ஒரு ‘ஃபார்’ போட்டிருந்தால் வேலை முடிந்திருக்கும். ‘எக்ஸ்சேஞ்ச்’ என்றிருந்தால் இன்னும் சுலபம். ஊர் திரும்பியதும் முந்நூறு அட்டையையும் தரையில் பரப்பித் தேடினேன். எக்ஸ்சேஞ்ச் இல்லை. ரீஃபண்ட் இல்லை. அலமாரிக்கு இருக்கிறது, கூடைக்கு இருக்கிறது, ஹேங்கருக்கு இருக்கிறது. ஐயா, கூடை வேண்டுமென்றால் கூடையைக் கையால் காட்டிவிடுவேனே! கை காட்ட முடிந்ததற்கெல்லாம் அட்டை போட்டுவிட்டு, வாயால் சொல்லியே ஆகவேண்டியதை விட்டுவிட்டார்கள்.

வேடிக்கை என்னவென்றால், ஏன் அப்படி விட்டிருக்கக் கூடாது என்பதற்கான காரணமும் அதே பெட்டியில்தான் கிடக்கிறது. ‘ஐல்’ (அலமாரி வரிசைகளுக்கு நடுவே நடக்கும் வழி) அட்டையின் பின்னால் பொடி எழுத்தில் ஒரு குறிப்பு: 1916இல் அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரில் ‘பிக்லி விக்லி’ கடை திறந்தபோது, வாடிக்கையாளரே வரிசைகளுக்குள் நடந்து பொருளை எடுத்துக்கொள்ளலாம் என்றார்கள். அதுவரை பொதுவாக கவுன்ட்டருக்கு இந்தப் பக்கம் நின்று கேட்பது, அந்தப் பக்கம் இருப்பவர் எடுத்துத் தருவது. ட்ராலி அட்டையில் 1937, ஓக்லஹோமா சிட்டி, சில்வன் கோல்ட்மேன் என்று இருக்கிறது. சரி, கேட்டு வாங்கிய காலம் போய் எடுத்துப் போட்டுக்கொள்ளும் காலம் வந்தபின், இப்படிப்பட்ட கடையில் நாம் வாய் திறப்பதே பெரும்பாலும் ஏதாவது கோளாறு ஆனால்தான். சைஸ் சரியில்லை, இரண்டு தடவை பில் போட்டுவிட்டார்கள், பொருள் உடைந்திருக்கிறது. அந்த நேரத்துக்கு இந்தப் பெட்டியில் ஒரு சொல்லும் கிடையாது.

இன்னொரு சின்ன எரிச்சல்: இது முழுக்க பிரிட்டிஷ் ஆங்கிலம். ட்ராலி, டில் (காசு வாங்கும் கல்லா), க்யூ. அமெரிக்காவில் இவை கார்ட், ரெஜிஸ்டர், லைன் ஆகிவிடும் என்று எங்கேயும் போடவில்லை. நானே பென்சிலால் எழுதிக்கொண்டேன். ‘ஆன் சேல்’ என்றால் அங்கே தள்ளுபடி, பிரிட்டனில் வெறுமனே விற்பனைக்கு இருக்கிறது என்றும் பொருள்படும். இதுவும் என் பென்சில் உபயம்.

ஆனால் அந்தப் பொடி எழுத்துக் குறிப்புகளை எழுதியவர் யாரோ, அவருக்கு ஒரு கும்பிடு. ‘ரீடெயில்’ என்ற சொல்லும் ‘டெய்லர்’ என்ற சொல்லும் வெட்டுதல் என்ற ஒரே பிரெஞ்சு வேரிலிருந்து வந்தவையாம். துணியை வெட்டுகிறவர் டெய்லர், மொத்தச் சரக்கிலிருந்து துண்டு போட்டு விற்பது ரீடெயில். இன்று மளிகைக்காரரைக் குறிக்கும் ‘க்ரோஸர்’ ஆதியில் மொத்த வியாபாரி. ‘சீப்’ என்பது பழைய ஆங்கிலத்தில் வெறும் வியாபாரம்தான், லண்டனின் சீப்சைடு தெருப் பெயரில் அது இன்னும் உட்கார்ந்திருக்கிறது. இதையெல்லாம் படிக்கத்தான் பல ராத்திரி பெட்டியைத் திறந்திருக்கிறேன், சொல் கற்க அல்ல. ரீடெயில் அட்டையைப் படித்த அன்றுதான் உறைத்தது: நம் சில்லறையும் இரட்டை வேலைதானே பார்க்கிறது? கையில் இருக்கும் காசும் அதுதான், சில்லறை வியாபாரமும் அதுதான். சேஞ்சை மட்டும் திட்டி என்ன பயன்? (திட்டுவதை நிறுத்தவில்லை, அது வேறு விஷயம்.)

‘ரிசீட்’ அட்டையைச் சொல்லாமல் முடியாது. இத்தனை வயது வரை ‘ரெசிப்ட்’ என்றே சொல்லிக்கொண்டிருந்தவன் நான். உச்சரிக்காத அந்த ‘பி’ பிரெஞ்சிலிருந்து வந்தபோது கிடையாதாம். லத்தீன் மூலத்தைக் காட்ட வேண்டுமென்று படித்தவர்கள் பின்னால் செருகியது. அதே குடும்பத்தில் டிசீட், கன்சீட் இரண்டும் தப்பித்துவிட்டன, இது மட்டும் மாட்டிக்கொண்டது. நம் ‘ரசீது’ இதன் தமிழ் வடிவம் என்றுதான் நெடுநாள் நினைத்திருந்தேன். அது பாரசீகச் சொல், ‘வந்து சேர்ந்தது’ என்று பொருள். இந்த இரண்டுக்கும் ஓசையைத் தவிர ஒட்டும் இல்லை உறவும் இல்லை. அதையும் பென்சிலால் எழுதிவைத்தேன். அட்டையில் இப்போது அச்சைவிட என் கையெழுத்துதான் அதிகம்.

இவ்வளவு சொல்லிவிட்டு நண்பனுக்கு நான் எழுதியது: "வாங்காதே. ரீஃபண்ட் என்ற சொல்லே இல்லாத பெட்டி அது."

"அப்போ உன்னோடதைக் கொடு, படிச்சுட்டுத் தர்றேன்" என்றான்.

முடியாது என்று சொல்லிவிட்டேன். ரிசீட்டில் ‘ஈ’ முன்னாலா ‘ஐ’ முன்னாலா என்று நேற்றும் தப்பாகத்தான் எழுதினேன். அந்த அட்டை இன்னும் முதல் அறையிலேயே இருக்கிறது.