கைடுக்குக் கொடுக்கும் பணத்தை எங்கே கொடுப்பது?

ராமநாதபுரத்தில் வீடு இருக்கிறவனுக்குச் சம்பளமில்லாத உத்தியோகம் ஒன்று உண்டு: வருகிற உறவினர்களுக்கு ராமேஸ்வரம் காட்டுவது. ஆடி அமாவாசை, தை அமாவாசை, முழுப் பரீட்சை லீவு என்று ஆண்டு முழுக்க யாராவது வந்துகொண்டே இருப்பார்கள். பையைக் கீழே வைத்ததும் வருகிற கேள்வியும் மாறுவதில்லை. "வேனில் ஒரே நாளில் எல்லாவற்றையும் பார்த்துவிடலாமா, கோயிலில் கைடு வைத்துக்கொள்ளலாமா, இல்லை நீயே பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போகிறாயா?" மூன்றையும் செய்து பார்த்தவன் என்ற தகுதியில் இதை எழுதுகிறேன். சாமி கும்பிட மட்டும் வருகிறவர்களுக்கு இந்த அலசல் தேவைப்படாது. அவர்களுக்கு எந்த வழியும் சரிதான். தூணையும் சுவரையும் நின்று பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்குத்தான் இது.

வேனில் போனது கோயம்புத்தூர் அத்தை வந்தபோது. தேவிபட்டினம், திருப்புல்லாணி, உத்தரகோசமங்கை, ராமேஸ்வரம், தனுஷ்கோடி. ஐந்து இடம், ஒரே நாள், தலைக்கு இவ்வளவு என்று பேச்சு. அத்தைக்கு முழங்கால் வலி. முழங்காலைப் பொறுத்தவரை வேனுக்கு நிகர் வேறில்லை. வாசலில் இறக்கி, வாசலிலேயே ஏற்றிக்கொள்கிறார்கள். கண்ணைப் பொறுத்தவரைதான் சிக்கல். தேவிபட்டினத்தில் கடலுக்குள் நிற்கும் ஒன்பது கல்லையும், திருப்புல்லாணியில் தர்ப்பைப் புல்லின்மேல் படுத்திருக்கும் ராமரையும் ஓட்டமும் நடையுமாகப் பார்த்துவிட்டு, உத்தரகோசமங்கைக்குப் போனபோது உச்சிப்பொழுது. நடை சாத்தப் போகிறார்கள், பத்தே நிமிடம் என்றார் டிரைவர். மைக்கில் அவர் சொன்னது இரண்டு வரி: மரகத நடராஜர், ஒரே கல். அத்தை கம்பிக் கதவுக்கு வெளியே நின்று எட்டி எட்டிப் பார்த்துவிட்டு, "பச்சையாகவே இல்லையேடா?" என்று என்னிடம் கேட்டார்.

பச்சையாக இருக்காது. ஆண்டு முழுவதும் அந்தத் திருமேனி சந்தனக் காப்புக்குள் இருக்கிறது. மார்கழித் திருவாதிரையை ஒட்டித்தான் காப்பைக் களைவார்கள். அபிஷேகம் முடிந்து மறுபடி சந்தனம் சாத்திவிடுவார்கள். டிரைவருக்கு இது தெரியாமல் இல்லை. முன்கூட்டியே சொன்னால் பாதிப் பேர் முகம் சுண்டிப்போகும் என்று விட்டுவிட்டார். எனக்கு அதுதான் வருத்தம். ஒளித்துவைத்திருப்பதுதானே அந்தச் சன்னிதியின் சுவை? மாணிக்கவாசகர் பொன்னூசல் பாடிய ஊர் என்பதையும் யாரும் சொல்லவில்லை. கல் யாளியின் பக்கமும் வேன் கூட்டம் திரும்பவில்லை. யாளியின் வாய்க்குள் கல்லாலேயே செதுக்கிய பந்து ஒன்று கிடக்கிறது. விரலை விட்டு உருட்டினால் உருளும். வெளியே எடுக்க முடியாது. வாயைத் திறந்து வைத்துவிட்டு உள்ளே பந்தைப் போட்டதல்ல, வாய்க்குள்ளேயே உளியை விட்டுப் பந்தைப் பிரித்தெடுத்திருக்கிறான் சிற்பி. பின்னொரு நாள் அத்தையின் பேரனை பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போனேன். கையை யாளியின் வாயிலிருந்து எடுக்கவைக்க அரைமணி நேரம் ஆயிற்று.

வேனுக்கு மதிப்பெண் போடச் சொன்னால் காலுக்கு நூறு, கண்ணுக்கு முப்பது.

அடுத்தது ராமேஸ்வரம் கோயில் கைடு. வாசலை நெருங்கும்போதே இரண்டு மூன்று பேர் சூழ்ந்துகொள்வார்கள். ஒருமுறை 500 ரூபாயில் தொடங்கிய பேரம் 300இல் முடிந்தது. போகப்போகத்தான் புரிந்தது, அவர் முக்கியமாகக் கைகாட்டப்போவது 22 தீர்த்தங்களுக்கு. கட்டடக் கலை அதற்கு இலவச இணைப்பு. நியாயமாகப் பேசினால் அவர்களிடம் கதை நன்றாக இருக்கிறது. சீதை மணலில் பிடித்த லிங்கம், அனுமன் கயிலையிலிருந்து கொண்டுவந்த லிங்கம், பிந்தி வந்தாலும் அனுமனின் லிங்கத்துக்கே முதல் பூசை என்ற வரிசை எல்லாம் தெரிந்துகொண்டு உள்ளே போனால்தான் சன்னிதிகளின் அமைப்பு விளங்கும். அதற்குக் கொடுத்த காசு வீணில்லை.

மூன்றாம் பிரகாரத்துக்கு வந்ததும் கதை நின்று கணக்குத் தொடங்குகிறது. 1212 தூண்கள், மொத்த நீளம் 3850 அடி, உலகிலேயே பெரியது, வாருங்கள் அடுத்து. எண்ணைக் கேட்டதும் நாமும் தூணைப் பார்ப்பதை விட்டுவிட்டு எண்ணைப் பார்க்க ஆரம்பிக்கிறோம். உண்மையில் அந்தப் பிரகாரத்துக்குக் கைடே வேண்டாம். விடிகாலை ஐந்து மணிக்கு ஸ்படிக லிங்க தரிசனத்துக்குப் போய்விட்டு, கூட்டம் சேருவதற்குள் ஒரு மூலையில் நின்றால் போதும். இரண்டு பக்கமும் ஆளுயர அளவுக்குச் சற்றுக் குறைவான மேடை, அதன்மேல் தூண்வரிசை, தூரத்தில் தூணும் தூணும் ஒட்டிக்கொண்டு சுவராகிவிடும் இடம். செல்போனை வெளியே கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும் என்பதால் கை சும்மா இருக்கிறது, கண் வேலை செய்கிறது. கைபேசித் தடைக்கு நான் நன்றி சொல்லும் ஒரே இடம் அதுதான்.

கைடு சொல்ல வேண்டியது வேறு. தீவில் மணலும் பவளப்பாறையும்தான் உண்டு, இந்தத் தூண்களுக்கான பாறை கிடையாது. 1964 டிசம்பர் புயலில் சிதைந்த தனுஷ்கோடி தேவாலயத்தின் சுவரைப் பார்த்தால் உள்ளூர்க் கல் எது என்று தெரியும். புழை புழையாகப் பவளக்கல். அப்படியானால் பிரகாரத்தின் கல் முழுவதும் கடல் தாண்டி வந்திருக்கிறது, பாலம் எதுவும் இல்லாத காலத்தில். பாம்பனில் ரயில் பாலம் வந்ததே 1914இல்தான். பிரகாரத்தைக் கட்டி முடித்த ராமநாதபுரம் மன்னர் முத்துராமலிங்க சேதுபதியின் கதையும் கைடு வாயில் வராது. 1795இல் ஆங்கிலேயர் அவரைப் பதவியிலிருந்து இறக்கினார்கள். 1809இல் சென்னையில் சிறையிலேயே இறந்தார். மேற்கு வாயில் பக்கம் நிற்கும் அவருடைய சிலையைக் கடந்துதான் தினமும் ஆயிரக்கணக்கானவர்கள் ஈரத் துணியோடு ஓடுகிறார்கள். திராவிடக் கட்டடக் கலையின் அத்தனை அழகையும் அத்தனை குறையையும் ஒரே கோயிலில் காட்டச் சொன்னால் ராமேஸ்வரத்தைத்தான் காட்டுவேன் என்கிற பொருளில் 19ஆம் நூற்றாண்டில் எழுதினார் கட்டடக் கலை வரலாற்றாசிரியர் ஜேம்ஸ் ஃபெர்குசன். குறை என்ன என்று கைடிடம் கேட்டேன். "கோயிலில் குறை சொல்லக் கூடாது சார்" என்றார். அதுவும் ஒரு பதில்தான்.

மூன்றாவது வழி, பஸ். காத்திருக்க வேண்டும், வெயிலில் நடக்க வேண்டும், நடை சாத்தும் நேரத்தை நாமே பார்த்துக்கொள்ள வேண்டும். முதியவர்களோடு வருகிறவர்களுக்கு இதைச் சொல்ல மாட்டேன். ஆனால் வேனும் கைடும் போகாத இடங்களுக்கு பஸ் போகிறது.

ராமநாதபுரத்திலிருந்து கீழக்கரை முக்கால் மணி நேரப் பயணம் கூட இல்லை. நடுத்தெருவில் இருக்கும் ஜும்மா பள்ளிவாசல் வள்ளல் சீதக்காதியோடு சேர்த்துச் சொல்லப்படும் 17ஆம் நூற்றாண்டுக் கட்டடம். தொழுகை நேரம் தவிர்த்துப் போய், அனுமதி கேட்டு நின்றேன். தொழுகைக்கு முன் கைகால் கழுவி ஒளுச் செய்யும் இடத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர், "தம்பி, ராமேஸ்வரம் பார்த்துவிட்டீர்களா?" என்று கேட்டார்.

"பார்த்திருக்கிறேன் பாய்."

"அந்தத் தூணைப் பார்த்த கண்ணால் இதைப் பாருங்கள். என்ன இல்லை என்று சொல்லுங்கள்."

அவ்வளவுதான் அவருடைய வழிகாட்டல். சதுரமும் எண்பட்டையுமாக ஏறும் கல் தூண், மேலே உத்திரத்தைத் தாங்கும் போதிகை, போதிகையிலிருந்து தலைகீழாகத் தொங்கும் பூமொட்டு. கோயில் மண்டபத்தில் நிற்கிற அதே நினைப்பு. தூணின் சதுர முகத்தில் கோயிலில் ஒரு உருவம் இருக்கும் இடத்தில் இங்கே பூ இருந்தது. அடுத்த தூணிலும் பூ. யாளி இல்லை, அடியவர் இல்லை, குதிரை வீரன் இல்லை. "உருவம் இல்லை" என்றேன். பெரியவர் சிரித்துவிட்டு மறுபடி தஸ்பீஹ் மணியை உருட்டத் தொடங்கினார். ராமேஸ்வரத்தில் 300 ரூபாய்க்குக் கிடைக்காத பாடம். பெண்கள் உள்ளே போய்ப் பார்ப்பது பற்றி முன்பே கேட்டுக்கொள்வது நல்லது. ஊரில் இதைவிடப் பழைய பள்ளியும் உண்டு. அதன் வயதைப் பற்றி ஊர்ப்பெருமை ஒன்று சொல்கிறது, ஆய்வாளர்கள் ஒன்று சொல்கிறார்கள். அந்த வழக்குக்குள் நான் போகவில்லை.

சீதக்காதியின் நண்பர் கிழவன் சேதுபதி. அதே கிழவன் சேதுபதியின் ஆட்சியில்தான் ஓரியூரில் அருளானந்தர் என்று மக்கள் அழைக்கும் பாதிரியார் ஜான் தெ பிரிட்டோ 1693 பிப்ரவரி 4 அன்று தலை வெட்டப்பட்டார். லிஸ்பனில் பிறந்து பாம்பாற்றங்கரையில் முடிந்த உயிர். 1947இல் புனிதர் பட்டம் தரப்பட்டது. அந்த இடத்து மண் சிவந்திருப்பது அவருடைய ரத்தத்தால் என்பது நம்பிக்கை. ஒரு பாட்டி அந்தச் செம்மண்ணைக் காகிதத்தில் மடித்து இடுப்பில் செருகியதைப் பார்த்தேன். திருநீற்றுப் பொட்டலம் மடிக்கும் அதே மடிப்பு. அங்குள்ள தேவாலயத்தின் முகப்பு ஐரோப்பியச் சாயல். கட்டடமாகப் பார்த்தால் சுமார்தான். ஒரே மன்னனின் காலத்தில் ஒரு பக்கம் பள்ளிவாசல் எழுந்ததையும் இன்னொரு பக்கம் பாதிரியார் தலை விழுந்ததையும் ஒரே நாள் பயணத்தில் எந்த வேனும் சேர்த்துக் காட்டாது என்பதற்காகவே போகலாம். பஸ் குறைவு, திரும்பும் நேரத்தைக் கேட்டுவிட்டு இறங்குங்கள்.

அப்படியானால் கைடே வேண்டாமா? வேண்டும், வேறு இடத்தில். ராமநாதபுரம் அரண்மனைக்குள் இருக்கும் ராமலிங்க விலாசத்தில்.

தனியாக முதல்முறை போனபோது இருபது நிமிடத்தில் வெளியே வந்துவிட்டேன். மங்கிய சிவப்பு, மங்கிய மஞ்சள், சுவர் முழுக்க நெருக்கமாகப் பொம்மைகள், என்ன என்றே புரியவில்லை. மறுமுறை ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர் ஒருவர் கூட வந்தார். இரண்டு மணி நேரம் போனது தெரியவில்லை. 18ஆம் நூற்றாண்டின் முற்பகுதி, முத்து விஜய ரகுநாத சேதுபதி காலத்து ஓவியங்கள். படத்துக்கு மேலே தமிழிலும் தெலுங்கிலும் குறிப்பு எழுதியிருக்கிறது என்பதே அவர் விரலை நீட்டிய பிறகுதான் எனக்குத் தெரிந்தது. தஞ்சை மராத்தியரோடு நடந்த போர் ஒரு சுவரில். ஐரோப்பியர்கள் மன்னரைக் கண்டு பேசுவது ஒரு சுவரில். ராமாயணமும் கண்ணன் கதையும் தனித்தனியாக. ராஜராஜேஸ்வரி அம்மன் மன்னர் கையில் செங்கோலைக் கொடுக்கும் காட்சிக்கு முன்னால் அவர் நிறுத்தினார். "சேதுவுக்குக் காவல் என்பதால்தான் சேதுபதி. இந்தப் படத்தை விட்டுவிட்டு ராமேஸ்வரம் பிரகாரத்தைப் பார்த்தால் அது வெறும் நீளம்தான், தம்பி" என்றார்.

பிரகாரம் தானே பேசும், யாளி விரலோடு பேசும், பள்ளிவாசல் தூணுக்கு ஒரு கேள்வி போதும். இந்தச் சுவருக்கு மட்டும் ஆள் வேண்டும். ஆனால் ராமேஸ்வரம் வாசலில் நிற்கும் கைடுகளில் ஒருவரையும் இங்கே பார்த்ததில்லை. கூட்டம் எங்கே இருக்கிறதோ அங்கேதான் வழிகாட்டியும் இருப்பார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை.

இப்போது யார் வந்தாலும் முதல்நாள் காலை அரண்மனை, பிற்பகல் கீழக்கரை, மறுநாள் விடிகாலையில் கைடு இல்லாமல் ராமேஸ்வரம் என்று வைத்திருக்கிறேன். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு ஆட்டோ. ஆசிரியருக்கு முதல்நாளே போன் செய்துவிடுவேன். காசு கொடுத்தால் கோபித்துக்கொள்கிறார். தை, மாசியாக இருந்தால் ஒரு கட்டு பனங்கிழங்கு வாங்கிப் போவேன், அதை மறுத்ததில்லை.