கடலோரத்தில் பழைய எக்ஸ்பல்ஸ்: வாங்கும்போது பார்த்ததும் ஓட்டியபின் தெரிந்ததும்

மண்டபம், உச்சிப்புளிப் பக்கம் தார் ரோட்டை விட்டு இறங்கினால் மணல், அதைத் தாண்டினால் சீமைக்கருவேல முள். அதனால்தான் 21 அங்குல முன்சக்கரமும் 220 மி.மீ. தரை இடைவெளியும் உள்ள ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200 பைக்கை செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். சில வருஷமாக இதே ஊரில் ஓடுகிறது.

நம்ம பக்கம் பழைய வண்டிக்குக் கிலோமீட்டர் இரண்டாவது கேள்வி, முதல் கேள்வி கடல்காற்றின் உப்பு. பாம்பனில் வாசலிலேயே நின்று குறைவாக ஓடிய வண்டியைவிட, கடலை விட்டு உள்ளே தள்ளியிருக்கும் பரமக்குடியில் கொட்டகைக்குள் நின்று நிறைய ஓடிய வண்டியைத்தான் நான் எடுப்பேன்.

விற்றவர், "தினமும் கழுவிடுவேன் தம்பி" என்றார். "எந்தத் தண்ணியிலண்ணே?" என்று கேட்டேன். இங்கே பல வீட்டு போர் தண்ணீர் உவர்ப்பு. அதில் கழுவினால் உப்பை உப்பால் கழுவிய கதைதான். அவர் வீட்டில் நல்ல தண்ணீர். அதன்பிறகுதான் குனிந்தே பார்த்தேன்.

முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க்கில் ரப்பர் உறை இருந்தால் மேலே தள்ளிவிட்டு, பளபளக்கும் குழாயில் நகத்தை மெல்ல இழுங்கள். பொடிப் புள்ளியில் நகம் தட்டினால் அங்கே துரு அரித்திருக்கிறது. புது ஆயில் சீல் போட்டாலும் அந்தப் புள்ளி அதைக் கிழித்துவிடும், குழாயையே மாற்ற வேண்டிவரும். அடுத்து ஸ்போக். ஸ்க்ரூ டிரைவரால் ஒவ்வொன்றாகத் தட்டுங்கள். இறுக்கமானது 'டிங்' என்னும், தளர்ந்தது மந்தமாகச் சத்தம் தரும். ஸ்போக்கை ரிம்மில் இறுக்கும் நிப்பிளில் வெள்ளையாகப் பூத்திருந்தால் திருகும்போதே ஸ்போக் முறியலாம். வாங்கும்போது எனக்குப் பின்சக்கரத்தில் சில ஸ்போக் தளர்ந்திருந்தன. அதைச் சொல்லியே விலையைக் குறைத்தேன், இறுக்கியபின் இன்றுவரை தொந்தரவில்லை.

சீட்டைக் கழற்றி வயர் கனெக்டர்களைப் பாருங்கள், பச்சை பிடித்திருந்தால் மழைக்காலத்தில் வண்டி நடுரோட்டில் நிற்கும். ஏர் ஃபில்டருக்கு உட்பக்கம் விரலால் தடவி மணல் ஒட்டினால், அந்த வண்டி வேண்டவே வேண்டாம். மணல் பிஸ்டன் வரை போயிருக்கும். அப்புறம், நீங்கள் போவதற்கு முன்பே இன்ஜினைச் சூடாக்கி வைத்திருக்கிறார்களா என்று கையை அருகில் வைத்துப் பாருங்கள், ஆறிய இன்ஜின் ஸ்டார்ட் ஆக மறுப்பதை அப்படி மறைக்கலாம். சேஸிஸ் நம்பர் ஆர்.சி.யோடு ஒத்துப்போக வேண்டும். லோன் இருந்தால் பாக்கி இல்லை என்று பேங்க் தரும் என்.ஓ.சி. கையில் வராமல் பணம் கொடுக்காதீர்கள்.

ஓட்டிய அனுபவத்தில் இன்ஜின் ஒரு குறையும் வைக்கவில்லை. செயின் மட்டும் சீக்கிரம் போகிறது. ஆடிக்காற்றில் தனுஷ்கோடி ரோட்டில் மணல் பறந்து வந்து விழும், அந்த மாதங்களில் திரும்பி வந்ததுமே நல்ல தண்ணீரில் கழுவி, துடைத்து, செயினுக்கு லூப் (வழவழப்பு எண்ணெய்) அடிக்கிறேன். டியூப் டயர் என்பதால் முள் குத்தினால் உடனே காற்று இறங்கிவிடும். உச்சிப்புளி தோப்புப் பக்கம் பஞ்சர் கடைக்கு ரொம்ப தூரம் தள்ள வேண்டும், ஒரு ஸ்பேர் டியூபும் கை பம்பும் வண்டியிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.