பாங்காக்கில் நாய் கடித்தால் எந்த மருத்துவமனைக்குப் போவது?

தாய்லாந்து போய்வந்தவர்களிடம் ஒரு புலம்பலை அடிக்கடி கேட்கலாம்: உள்ளூர்க்காரருக்கு ஒரு விலை, பாஸ்போர்ட் நீட்டுபவருக்கு இன்னொரு விலை. தடுப்பூசி விஷயத்தில் இது பாதி உண்மைதான். மீதிப் பாதி, ஊசியை எப்படிப் போடுகிறார்கள் என்பதில் இருக்கிறது. நாய்க்கடி ஊசியை வைத்துப் பார்த்தால் இது தெளிவாகப் புரியும். பாங்காக்கில் அதே ரேபிஸ் மருந்துக்குப் போக நான்கு இடங்கள் உண்டு. நான்கிலும் பில் வேறு.

முதலில் பெரிய தனியார் மருத்துவமனைகள். சுகும்வித் பக்கம் தங்கும் சுற்றுலாப் பயணிகள் கண்ணை மூடிக்கொண்டு போவது இங்கேதான். நடுராத்திரியிலும் டாக்டர் இருப்பார், ஆங்கிலத்தில் பேசலாம், காத்திருப்பு அதிகமில்லை. ஆனால் பில்லைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். மருந்து ஒரு வரி, டாக்டர் கட்டணம் ஒரு வரி, நர்சிங் ஒரு வரி, மருத்துவமனைச் சேவை இன்னொரு வரி. நாய்க்கடிக்கு ஒரு ஊசியோடு வேலை முடியாது, திரும்பத் திரும்பப் போகவேண்டும் என்பதால் இந்த உபரி வரிகளும் கூடவே வரும். தடுப்பூசி பேக்கேஜ் விளம்பரத்தின் அடியில் ‘தாய்லாந்து குடிமக்களுக்கும் இங்கே வசிப்பவர்களுக்கும் மட்டும்’ என்று பொடி எழுத்தில் இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால், அந்த விலை சுற்றுலா வந்தவருக்கு இல்லை.

ஏன் இப்படி? என் கணிப்பு இது: இந்த மருத்துவமனைகள் தங்கள் விலையைப் பக்கத்துத் தெரு அரசு மருத்துவமனையோடு ஒப்பிடுவதில்லை, நோயாளியின் சொந்த ஊர் விலையோடு ஒப்பிடுகின்றன. அமெரிக்காவில் முன்கூட்டிப் போடும் ரேபிஸ் ஊசிகளுக்கே ஆயிரம் டாலர் வரை போவதுண்டு. அங்கிருந்து வருபவருக்குப் பாங்காக் தனியார் விலை மலிவு. சென்னையிலிருந்து போகிறவருக்கு அதே பில் நெஞ்சைப் பிடிக்கவைக்கும். இத்தனைக்கும், ஒரே விலை வைக்கவே முடியாது என்றும் இல்லை. 2021-ல் மாடர்னா கோவிட் ஊசியை டோஸ் 1,650 பாட் என்று தனியார் மருத்துவமனைகள் கூடிப்பேசி ஒரே விலைக்கு விற்றன.

சரி, அரசு மருத்துவமனைக்குப் போனால் இந்தப் பேதமே இருக்காது என்று நினைத்தால், அங்கேயும் உண்டு, அதுவும் அரசாணைப்படி. தாய்லாந்தில் 2002 முதல் நடக்கும் ‘30 பாட்’ மருத்துவத் திட்டம் குடிமக்களுக்கானது. வெளிநாட்டவருக்கு 2019-ல் சுகாதார அமைச்சகம் படிநிலைக் கட்டணமே அறிவித்துவிட்டது: அண்டை நாடுகளிலிருந்து வந்தவர்களுக்கு ஒன்று, வேலை அனுமதியோடு இருப்பவர்களுக்கு ஒன்று, சுற்றுலாப் பயணிகளுக்கும் ஓய்வுபெற்று வந்து குடியேறியவர்களுக்கும் எல்லாவற்றையும்விடக் கூடுதலாக ஒன்று. ஹுவா ஹின்னில் வசித்த நெதர்லாந்துக்காரர் ஒருவர் வழக்கே போட்டுப் பார்த்தார். இரட்டை விலை செல்லும் என்று 2021-ல் நிர்வாக நீதிமன்றம் சொல்லிவிட்டது. இருந்தாலும் அரசு விலை தனியாரைவிடக் குறைவுதான். கூட்டமும் மொழியும்தான் சிக்கல்.

மூன்றாவதுதான் என் தேர்வு: ராமா 4 சாலையில் தாய்லாந்து செஞ்சிலுவைச் சங்கம் நடத்தும் ராணி சாவபா நினைவு நிறுவனம். ஆட்டோக்காரரிடம் பாம்புப் பண்ணை என்று சொன்னால் போதும். சீலோம் மாரியம்மன் கோயிலிலிருந்து அதிக தூரமில்லை. விஷப்பாம்புகளைக் காட்டும் அதே வளாகத்தில் நாய்க்கடி மருத்துவமும் நடக்கிறது.

இங்கே செலவு குறைவதற்குத் தொண்டு மனப்பான்மை மட்டும் காரணமில்லை, கணக்கும் இருக்கிறது. தசையில் போடும் முறையில் ஒவ்வொரு முறையும் ஒரு முழுக் குப்பி போய்விடும். செஞ்சிலுவை முறையில் 0.1 மி.லி. மட்டும், தோலுக்குள், இரண்டு கைகளிலும். போட்டதும் கொசு கடித்தது மாதிரி சின்னதாக ஒரு தடிப்பு எழும்பும். அது எழும்பினால்தான் சரியாகப் போட்டதாக அர்த்தம். 0.5 மி.லி. குப்பி ஒன்றை இரண்டு பேருக்குப் பங்கிடலாம். ஆனால் திறந்த குப்பியைச் சில மணி நேரத்துக்குள் தீர்த்தாகவேண்டும். வரிசையில் ஆள் இருந்தால்தான் இது கட்டுப்படியாகும். இங்கே எப்போதும் ஆள் உண்டு. எப்போதாவது ஒரு நாய்க்கடி வரும் தனியார் மருத்துவமனை முழுக் குப்பியைத்தான் உடைக்கும். அதை ஏமாற்று என்று சொல்லமாட்டேன்.

இதைவிடப் பெரிய பணம் சீரத்தில் போகும். ஊசி வேலை செய்யத் தொடங்கும் வரை கிருமியைத் தடுக்கும் ரெடிமேட் எதிர்ப்புப் பொருள்தான் அது. கடி தோலைத் துளைத்து ரத்தம் வந்திருந்தால் காயத்தைச் சுற்றி அதையும் போடவேண்டும். மனிதப் பிளாஸ்மாவிலிருந்து எடுப்பது ஒரு வகை, குதிரையிலிருந்து எடுப்பது இன்னொரு வகை. உடல் எடையில் கிலோவுக்கு முதலாவது 20 யூனிட், இரண்டாவது 40. குதிரை சீரம் பல மடங்கு மலிவு, உலக சுகாதார நிறுவனமும் இரண்டையும் ஏற்கிறது. தனியார் மருத்துவமனையில் எந்த சீரம், எவ்வளவு என்று கேட்காமல் தலையாட்டாதீர்கள். ஊசிக்கும் சீரத்துக்கும் தனித்தனியாக எஸ்டிமேட் எழுதி வாங்குங்கள்.

நான்காவது இடம் கடிபட்டவருக்கு அவ்வளவாகப் பொருந்தாது, முன்னெச்சரிக்கைக்காரருக்குத்தான். விக்டரி மானுமென்ட் என்னும் வெற்றிச் சின்னம் பக்கம் மஹிடோல் பல்கலைக்கழகத்தின் வெப்பமண்டல நோய் மருத்துவமனையில் பயணிகளுக்கென்றே ஒரு கிளினிக் உண்டு. ஊசிவாரியாக விலையை இணையத்திலேயே போட்டுவைத்திருக்கிறார்கள். லோப்புரி குரங்குகளோடு செல்ஃபி எடுக்கும் எண்ணம் உள்ளவர்கள் முதலில் இங்கே போய் வரலாம். முன்பே ஊசி போட்டவருக்குக் கடிபட்டால் சீரமே தேவையில்லை, ஓரிரு பூஸ்டர் போதும்.

ஆக, பகலில் கடிபட்டால் காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கால் மணி நேரம் கழுவிவிட்டு நேராகப் பாம்புப் பண்ணை. இரவில் அது மூடியிருக்கும், அப்போது அருகிலேயே உள்ள சூலாலங்கோர்ன் மருத்துவமனையின் அவசரப் பிரிவு. அதுவும் செஞ்சிலுவைச் சங்கத்துடையதே. அதுவும் எட்டாத தூரம் என்றால் விலை பார்க்காமல் கிட்டே இருக்கும் தனியாருக்குப் போங்கள். ரேபிஸ் வந்தபின் மருந்து கிடையாது. முதல் ஊசியை அங்கே போட்டுவிட்டு அடுத்ததற்கு இடம் மாறலாம். தவிர்க்கமுடியாத நிலையில் தசையிலிருந்து தோலுக்கு முறை மாறினாலும், மறுபடி முதலிலிருந்து தொடங்கவேண்டியதில்லை.

அப்புறம், நம்மவர்களுக்கு மட்டும் ஒரு வசதி. இந்த செஞ்சிலுவை முறையைத்தான் 2006-ல் இந்தியா அனுமதித்தது. முதல் ஊசி போட்ட நாளை 0 என்று வைத்து, அதே 0, 3, 7, 28 நாள் கணக்கில் தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் இலவசமாகப் போடுகிறார்கள். இரண்டு தவணை பாங்காக்கில் போட்டால் மிச்சத்தை ஊரில் முடித்துக்கொள்ளலாம். கிளம்பும் முன் அட்டையில் மருந்தின் பெயர், தேதி, தோலுக்குள்ளா தசையிலா என்ற விவரம் மூன்றையும் ஆங்கிலத்தில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். தாய் எழுத்தில் இருந்தால் இங்கே யாருக்கும் படிக்கத் தெரியாது.