ஒரு கிலோ சோளமும் ஆறு கிலோ பச்சையும்

மண்ணில்லாப் பசுந்தீவனம், அதாவது மக்காச்சோளத்தை மண்ணில்லாமல் ட்ரேயில் முளைக்கவைத்து எடுக்கும் பச்சையை வளர்த்துக் கோழிக்குப் போட ஆரம்பித்து இரண்டு வருடம் ஆகப்போகிறது. எங்கள் பண்ணை ஈரோட்டுப் பக்கம். கறிக்காக வளர்க்கும் சிறுவிடை நாட்டுக்கோழி, ஒரு தடவைக்கு இருநூறு குஞ்சு விடுவோம். பிராய்லர் 40 நாளில் இரண்டு கிலோ வந்துவிடும். இவை ஒன்றேகால் கிலோவைத் தொடவே நான்கு மாதம் ஆகிறது. அத்தனை நாளும் தின்னும். தீவனச் செலவு பாதியாகும் என்று கேள்விப்பட்டுத்தான் பத்து ட்ரே வாங்கி, நிழல்வலை கட்டி இறங்கினேன்.

ஒரு கிலோ மக்காச்சோளத்தில் ஆறு கிலோ பச்சை வரும் என்பது பொய்யில்லை. எட்டாம் நாள் எடுத்தபோது எனக்கும் வந்தது. ஆனால் கூடியதெல்லாம் தண்ணீர். ஒரு கிலோ சோளத்தில் ஈரம் போக 880 கிராமாவது சத்து நிற்கும். அந்த ஆறு கிலோவை முழுதாகக் காயவைத்துப் பார்த்தேன்; 800 கிராம்கூடத் தேறவில்லை. முளை வளர விதையிலிருக்கும் மாவைத்தானே தின்கிறது!

இது புரிவதற்குள் முதல் தொகுதி போய்விட்டது. பாதித் தீவனத்தை நிறுத்திவிட்டுப் பச்சையைப் போட்டேன். தீனிப்பை நிறைந்துதான் இருந்தது, ஆனால் 120 நாளில் பாதிக்கு மேற்பட்ட கோழிகள் ஒரு கிலோவைத் தாண்டவில்லை. அப்புறம் வழக்கமான தீவனத்தில் கை வைப்பதை விட்டேன். இப்போது காலையில் தீவனம், பதினொரு மணிவாக்கில் ஒரு கோழிக்கு 20 கிராம் பச்சை, அவ்வளவுதான்.

எட்டு நாள் கணக்கெல்லாம் மாட்டுக்கு. கோழிக்கு நார் செரிக்காது. ஐந்தாம் நாளே, இரண்டு அங்குல முளையில் எடுத்துவிடுகிறேன். மூன்று, நான்கு கிலோதான் வரும், பரவாயில்லை. முதலில் பாய் மாதிரி அப்படியே போட்டதில் நீள வேர் தீனிப்பையில் உருண்டு இரண்டு கோழி கல் மாதிரி வீங்கிக்கொண்டு நின்றன. அதிலிருந்து அரிவாளால் பொடியாக நறுக்காமல் போடுவதில்லை.

பெரிய தொல்லை பூசணம்தான். விதையை 12 மணி நேரம் ஊறவைத்து, ஒரு நாள் ஈரச்சாக்கில் கட்டி, பிறகு ட்ரேயில் பரப்ப வேண்டும். ஒவ்வொரு சுற்றுக்கும் ட்ரேயை உப்புத் தண்ணீரில் கழுவியும் சித்திரை வெக்கையில் புளித்த வாடை வந்துவிட்டது. பூசண நஞ்சு கோழியின் ஈரலைத்தான் முதலில் பிடிக்கும். மனசு வராமல்தான் மொத்தத்தையும் குப்பைக்குழியில் கொட்டினேன். இப்போது வெயில் உச்சத்திலிருக்கும் இரண்டு மாதம் பச்சை வளர்ப்பதே இல்லை. இன்னொன்று, விதைக்கடையில் சிவப்பு மருந்து பூசிய விதையைத் தொடாதீர்கள். தீவனத்துக்கு விற்கும் சோளத்தில் முளைப்பது எது என்று ஒரு கைப்பிடி போட்டுப் பார்த்து வாங்குங்கள்.

பிறகு ஏன் விடவில்லை? அடைத்து வளர்க்கும் கோழி ஒன்றையொன்று கொத்துவது நன்றாகக் குறைந்தது. தோலிலும் கொழுப்பிலும் மஞ்சள் ஏறுகிறது. வாங்க வருபவர் இறகைப் பிரித்துப் பார்த்து, "கலர் நல்லாருக்குதுங்க" என்கிறார், பேரம் சீக்கிரம் முடிகிறது.

"தொறந்து உட்டா தானா மேஞ்சுக்காதா, இதுக்கு எதுக்குடா இத்தனை பாடு?" என்று அம்மா இன்னும் கேட்கிறார். கீரியும் நாயும் இல்லாத இடமென்றால் அவர் சொல்வதுதான் சரி. இடமும் முருங்கையும் அகத்தியும் இருப்பவர்களுக்கு இது தேவையில்லை. எனக்கு நான்கு ட்ரே போதுமாக இருக்கிறது. மீதி ஆறில் அம்மா வடகம் காயவைக்கிறார்.